முயலை எடுத்துப் பூனைமேல் பயன்படுத்து: 'சாம் அண்ட் மேக்ஸ்' சிரிக்க வைக்கும் விதம்

அலுவலகக் கட்டடத்தின் வாசலில் ஒரு பூனைக்குட்டி நிற்கிறது. போலீஸ் கமிஷனர் அனுப்பிய உத்தரவுக் காகிதம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. பூனையை உற்றுப் பார்க்கலாம், அதனிடம் பேச்சுக் கொடுக்கலாம். காகிதம் மட்டும் வராது. பொருள்களைப் போட்டு வைத்திருக்கும் அட்டைப்பெட்டியைத் திறந்தால், மற்ற சாமான்களோடு ஒரு வெள்ளை முயலின் முகமும் இருக்கிறது. அதை எடுத்துப் பூனைமேல் சொடுக்க வேண்டும். முயல் ஓடிவருகிறது, பூனையின் வாய்க்குள் கையை விடுகிறது, காகிதத்தை உருவி எடுக்கிறது. அவ்வளவுதான், வழக்கு ஆரம்பம்.

லூக்காஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 1993 நவம்பரில் டாஸ் கணினிகளுக்காக வெளியிட்ட 'சாம் அண்ட் மேக்ஸ் ஹிட் த ரோட்' இப்படித்தான் தொடங்குகிறது. கோட்டும் தொப்பியும் போட்ட ஆறடி நாய் சாம். உடம்பில் ஒன்றுமே போடாத, பல்லைக் காட்டிக்கொண்டே அலையும் முயல் போன்ற ஒன்று மேக்ஸ். இருவரும் தனியார் போலீஸ்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பாயிண்ட் அண்ட் கிளிக் வகையில் சிரிப்பு விளையாட்டு எது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இது வந்துவிடும். அது ஏன் இன்னும் சிரிக்க வைக்கிறது என்பதற்கு வசனம் மட்டும் காரணமில்லை. சிரிப்புக்கு இடைஞ்சலாக இருந்ததையெல்லாம் அந்த விளையாட்டின் அமைப்பிலிருந்தே பிடுங்கிப் போட்டார்கள். என் கணக்கில் அதுதான் முதல் காரணம்.

அட்வெஞ்சர் என்றும் சொல்லப்படும் இந்த வகை விளையாட்டை ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: திரையில் ஓர் அறை, ஒரு கடை அல்லது ஒரு தெரு. மவுசால் சொடுக்கிய இடத்துக்குப் பாத்திரம் நடந்து போகும். பொருள்களைச் சேர்க்க வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் புதிரை அவிழ்க்க வேண்டும். சுடுவதும் ஓடுவதும் கிடையாது. கதையும் பேச்சும் புதிரும்தான் முதல்.

சாமும் மேக்ஸும் கணினிக்காகப் பிறந்தவர்கள் அல்லர். ஸ்டீவ் பர்செல் என்ற ஓவியரின் தம்பி டேவ், சின்ன வயதில் காமிக்ஸ் வரைவார். பாதியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அண்ணன் அதை எடுத்து, தம்பியைக் கிண்டல் செய்கிற மாதிரி முடித்து வைப்பார். பாத்திரங்கள் தங்கள் பெயரையே மாற்றிச் சொல்லும், தேவையில்லாமல் பேசிக்கொண்டே போகும். ஒரு பிறந்தநாளுக்குத் தம்பி அந்தப் பாத்திரங்களை அண்ணனுக்கே பரிசாக எழுதிக் கொடுத்துவிட்டார். வேடிக்கையாகக் கொடுத்த அந்தக் காகிதத்தின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். பர்செல் கல்லூரிப் பத்திரிகையில் அவர்களை வரைந்தார், 1987-ல் முதல் காமிக்ஸ் புத்தகம் வெளிவந்தது. அப்புறம், அப்போது லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் என்று பெயர் கொண்டிருந்த லூக்காஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். 'மங்கி ஐலண்ட்' முதல் இரண்டு விளையாட்டுகளின் அட்டை ஓவியங்கள் அவர் வரைந்தவைதான்.

அந்த நிறுவனத்தில் விளையாட்டுகளை உருவாக்க 'ஸ்கம்' என்ற ஒரு மென்பொருள் இருந்தது. 1987-ல் 'மேனியாக் மேன்ஷன்' விளையாட்டுக்காக ரான் கில்பர்ட்டும் ஆரிக் வில்மண்டரும் உருவாக்கியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிரலாளர்கள் இதில் கை பழகுவதற்கு ஏதாவது ஒரு பாத்திரமும் ஓர் அறையும் வேண்டுமே! பர்செல் தன் நாயையும் முயலையும் அவர்களுடைய அலுவலகத்தையும் வரைந்து கொடுத்தார். நிறுவனத்தின் செய்தி மடலிலும் 1990 முதல் அவர்களின் காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. ஆக, விளையாட்டாக்கலாம் என்று முடிவெடுத்தபோது நிறுவனத்துக்குள் எல்லாருக்கும் இந்த இருவரும் ஏற்கெனவே பழக்கமானவர்கள். ஷான் கிளார்க், மைக்கேல் ஸ்டெம்லி இருவரும் திட்டத்தை நடத்தினார்கள். பர்செலும் கொலெட் மிஷோவும் வடிவமைப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

இங்கேதான் இடைஞ்சல் வந்தது. அதுவரை வந்த பெரும்பாலான ஸ்கம் விளையாட்டுகளில் திரையின் அடிப்பகுதி முழுக்க வினைச்சொற்கள் நிற்கும்: திற, மூடு, கொடு, எடு, தள்ளு, இழு. எடு என்பதைச் சொடுக்கி, பிறகு பொருளைச் சொடுக்க வேண்டும். 320க்கு 200 புள்ளிகள் மட்டுமே கொண்ட சின்னத் திரையில் கால்வாசியை இந்தப் பட்டியலும் சாமான் பெட்டியுமே தின்றுவிடும். அதே 1993-ல் சில மாதங்களுக்கு முன்பு இதே நிறுவனம் வெளியிட்ட 'டே ஆஃப் த டென்டக்கிள்' கூட இந்தப் பட்டியலோடுதான் வந்தது. 'சாம் அண்ட் மேக்ஸ்' குழு பட்டியலைத் தூக்கி எறிந்தது. வலது பொத்தானை அழுத்த அழுத்த மவுஸ் குறியே மாறும்: நடக்க, பார்க்க, பேச, எடுக்க, பயன்படுத்த. சாமான்கள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. திரை முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. கார்ட்டூன் பார்க்கிற உணர்வு வர வேண்டுமென்றால் கார்ட்டூனுக்கு நடுவே பொத்தான் பலகை இருக்கக் கூடாது, இல்லையா?

இதைவிடப் பெரிய மாற்றம் பேச்சில் நடந்தது. வழக்கமான அட்வெஞ்சர் விளையாட்டில், ஒருவரிடம் பேசப் போனால் நாம் சொல்லக்கூடிய நான்கு வாக்கியங்கள் திரையில் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாத்திரம் அதையே சொல்லும். நாவலுக்கு இது பரவாயில்லை. நகைச்சுவைக்கு விஷம். ஜோக்கை முதலில் நாமே மனதுக்குள் படித்துவிடுகிறோம். அப்புறம் நடிகர் அதே ஜோக்கை நிதானமாகப் பேசிக் காட்டுகிறார். கூடவே மற்ற மூன்று ஜோக்குகளும் எட்டிப்பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சிடியில் முழுக் குரலோடு விளையாட்டு வரத் தொடங்கிய காலம் அது. எழுத்து மட்டும் இருந்தவரை பெரிதாகத் தெரியாத இந்தக் குறை, குரல் வந்ததும் பல்லை இளித்தது.

இவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. வாக்கியத்துக்குப் பதில் சின்னப் படங்கள். எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதன் படம். கேள்வி கேட்கக் கேள்விக்குறி. உணர்ச்சியோடு ஏதாவது சொல்ல ஆச்சரியக்குறி. அப்புறம் ஒரு ரப்பர் வாத்து. வாத்தை அழுத்தினால், பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத எதையாவது சாம் உளறுவார். என்ன உளறுவார் என்று அழுத்துகிறவருக்கும் தெரியாது. இதில்தான் சிரிப்பின் நேரம் மறுபடியும் எழுத்தாளர் கைக்குப் போனது. எப்போது அழுத்துவது என்பது நம் முடிவு, என்ன வரும் என்பது அவர்கள் முடிவு. மூன்றே குறியீடுகளை வைத்துக்கொண்டு இத்தனை நுட்பமான வேலையைச் செய்தவர்கள் அந்த நாளில் வேறு யாரும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

குரலும் சரியாக அமைந்தது. சாமுக்குக் குரல் கொடுத்த பில் ஃபார்மர்தான் டிஸ்னியின் கூஃபிக்கும் குரல். அதுவும் நாய்தான்! ஆனால் கூஃபியின் அசட்டுத்தனம் துளிகூட இங்கே இல்லை. பழைய துப்பறியும் படங்களில் வருகிற மாதிரி அலட்டாத, தணிந்த குரல். வாக்கியம் நீண்டு, வளைந்து, தேவையில்லாத பெரிய சொற்களை எல்லாம் அள்ளிக்கொண்டு முடியும். நிக் ஜேம்சன் பேசிய மேக்ஸோ அதற்கு நேரெதிர்: கீச்சென்று இரண்டு மூன்று சொல், முடிந்தது. ஒருவர் நீட்டி முழக்க, இன்னொருவர் வெட்டிவிடுகிற இந்தத் தாளம் எந்த மொழி நகைச்சுவை ரசிகருக்கும் பிடிபடும். ஆங்கிலம் முழுதாகப் புரியாதவர்கூட எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் விலங்குகள்? விளையாட்டின் முன்கதையிலேயே ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி ஒரு பெண்ணைக் கட்டிவைத்திருக்கிறார். மேக்ஸ் போய் அவர் தலையையே பிடுங்கிவிடுகிறது. பார்த்தால் அவர் ரோபோ, அந்தத் தலை ஒரு வெடிகுண்டு. அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக வீசுகிறார்கள், தெருவில் ஒரு பேருந்து வெடிக்கிறது. அதில் யாராவது இருந்திருப்பார்களோ என்று ஒருவர் கேட்க, நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று மற்றவர் ஆறுதல் சொல்கிறார். இதையே இரண்டு மனிதப் போலீஸ்காரர்கள் செய்தால் படம் வேறு மாதிரி ஆகிவிடும். நாயும் முயலும் செய்யும்போது கார்ட்டூனின் பழைய உரிமம் வந்து காப்பாற்றுகிறது. மேக்ஸுக்கு மனசாட்சி கிடையாது, அதைத் திருத்தவும் யாரும் முயல்வதில்லை; சாமுக்கு மனசாட்சி உண்டு, அவசரத்தில் அதைக் கேட்க நேரமில்லை. மூன்றாவது விஷயம் ஒன்றும் இருக்கிறது. இந்த உலகத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் மனிதர்கள். ஒரு நாய் கோட்டுப் போட்டுக்கொண்டு கடைக்குள் வருகிறதே என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. விலங்குகள் மட்டுமே வாழும் ஊர் என்று வைத்திருந்தால் இந்த வேடிக்கை செத்திருக்கும்.

இந்த இடத்தில் மேக்ஸ் சாமான் பெட்டிக்குள் இருப்பதை மறுபடி கவனிக்க வேண்டும். கூட வரும் நண்பன் ஒரு கருவியும்கூட. பூட்டோ மின்கம்பியோ மனிதரோ, எதன்மேலும் மேக்ஸைப் பயன்படுத்திப் பார்க்கலாம். திருவிழாவில் காதலர் குகைப் படகுச் சவாரி இருக்கிறது; அதைப் பாதி வழியில் நிறுத்த வேண்டுமானால் மேக்ஸை எடுத்து ஃபியூஸ் பெட்டிமேல் விடுவதுதான் வழி. பயன்படுத்து என்ற பொதுவான, உயிரில்லாத கட்டளைக்கு இங்கே ஒரு குணம் வந்துவிடுகிறது. நாகரிகமான வழி அடைபட்டால், அடுத்து முயலை ஏவிவிடலாம் என்று கை தானாகவே போகும். பாத்திரத்தின் சுபாவம் விளையாடுகிறவரின் விரலுக்குள் இறங்குவது என்றால் அது இதுதான்.

கதை என்று பார்த்தால் மெல்லிசு. குஷ்மன் சகோதரர்கள் நடத்தும் திருவிழாவில் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துக் காட்டப்பட்ட புரூனோ என்ற பிக்ஃபுட் (அமெரிக்கக் காடுகளில் அலைவதாகச் சொல்லப்படும், ரோமம் அடர்ந்த மனித வடிவ மிருகம்) தப்பித்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து கொண்ட டிரிக்ஸியும் கூடவே போய்விட்டாள். கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும். சாமும் மேக்ஸும் தங்கள் கறுப்பு வெள்ளை டிசோட்டோ காரில் ஏறி அமெரிக்காவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகிறார்கள். விளையாட்டின் உண்மையான விஷயம் அந்தச் சாலைதான்.

அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில், காரில் போகும் குடும்பங்களை நிறுத்திக் காசு பார்ப்பதற்காகவே முளைத்த வினோதக் காட்சியிடங்கள் உண்டு. விளையாட்டில் வரும் பல இடங்கள் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் அசல் பைத்தியக்காரத்தனம் அதற்குக் குறைந்ததில்லை. உலகின் மிகப்பெரிய கயிற்றுப் பந்து என்று ஒன்று வருகிறது. நிஜத்தில் மினசோட்டா மாநிலத்தின் டார்வின் ஊரில் பிரான்சிஸ் ஜான்சன் என்பவர் 1950-ல் கட்டுக்கயிற்றைச் சுற்ற ஆரம்பித்து 29 ஆண்டுகள் சுற்றினார். பந்தின் குறுக்களவு 12 அடி, எடை ஏழரை டன்னுக்கு மேல். கன்சாஸின் காக்கர் சிட்டியில் பிராங்க் ஸ்டோபர் 1953-ல் தொடங்கிய போட்டிப் பந்து ஒன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். விளையாட்டில் வரும் மர்மச் சுழல் என்ற இடத்துக்கு மூதாதை, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் உள்ள மிஸ்டரி ஸ்பாட் போன்ற இடங்கள். சாய்த்துக் கட்டிய குடிசைக்குள் பந்து மேட்டை நோக்கி உருள்வது போலத் தெரியும், கண் ஏமாறும். எங்கே போனாலும் ஒரே அச்சில் நிற்கும் ஸ்னக்கீஸ் கடைகள், 1930களில் ஜார்ஜியாவில் பீக்கன் கொட்டை விற்பனையில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஸ்டக்கீஸ் கடைகளின் கேலிப் பிரதி. மேற்சொன்ன காதலர் குகைக்குள் ஒளிந்திருக்கும் டக் என்ற அகழெலி மனிதனிடம் துப்பு வாங்க லஞ்சமாகக் கொடுக்க வேண்டியது ஸ்னக்கீஸில் வாங்கிய பீக்கன் மிட்டாயைத்தான்.

பனிக்கட்டிக்குள் பிக்ஃபுட் என்பதும் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை. அந்தப் பெயரே 1958-ல் வடக்குக் கலிஃபோர்னியாவில் பெரிய கால்தடங்கள் பற்றிய செய்தித்தாள் செய்தியால் நாடு முழுக்கப் பரவியது. 1967-ல் பேட்டர்சனும் கிம்லினும் எடுத்த, தள்ளாடும் குட்டிப் படம் அதற்கு உருவம் கொடுத்தது. அதையடுத்து பிராங்க் ஹேன்சன் என்பவர், பனிக்கட்டிக்குள் ரோமம் அடர்ந்த மனிதன் என்று ஒன்றைத் திருவிழா திருவிழாவாகக் கொண்டுபோய்க் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். மினசோட்டா பனிமனிதன் என்று அதற்குப் பெயர். குஷ்மன் சகோதரர்களை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யார் கார்ட்டூன் என்று சொல்வது சிரமம்.

ரஷ்மோர் மலைக்கு இவர்கள் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த கேலி. ஜனாதிபதிகளின் முகங்களைப் பாறையில் செதுக்கிய அந்தத் தேசியச் சின்னத்தில், மூக்குத் துவாரத்திலிருந்து கயிறு கட்டிக்கொண்டு குதிக்கும் பஞ்சி ஜம்பிங் நடத்துகிறார்கள். நாடு தன்னைப் பற்றி வைத்திருக்கும் பெருமிதத்தை இந்த விளையாட்டு திட்டுவதில்லை. டிக்கெட் போட்டு விற்கிறது.

புதிர்களில் உச்சம் முதலைக் கோல்ஃப். சதுப்பு நிலத்தில் முதலைகளுக்கு நடுவே கோல்ஃப் ஆடும் இடம். தண்ணீரைத் தாண்டிப் போக வேண்டும். பந்து வாளிக்குப் பதிலாக வேறொரு இடத்தில் கிடைத்த மீன் வாளியை வைத்துவிட்டால், சாம் மட்டையால் மீன்களை அடிப்பார். மீன் எங்கே விழுகிறதோ அங்கே முதலை நகரும். சரியாக அடித்து அடித்து முதலைகளை வரிசையாக நிறுத்தினால், அவற்றின் முதுகுமேல் கால் வைத்து அக்கரைக்குப் போகலாம். இதில் விடையும் சிரிப்பும் ஒரே பொருள். மீனைக் கோல்ஃப் மட்டையால் அடிப்பது என்று தோன்றிய கணத்திலேயே சிரிப்பு வந்துவிடும். அது வேலையும் செய்கிறது என்று தெரியும்போது இரண்டாவது சிரிப்பு. முதலைக்கு மீன் பிடிக்கும் என்பது யாருக்கும் தெரிந்த நியாயம்தானே, அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்ற எரிச்சல் வராது.

எல்லாப் புதிரும் இந்தத் தரம் இல்லை. கயிற்றுப் பந்துக்குள் சிக்கிய மோதிரத்தை எடுக்க, பந்து பொறுக்கும் கழி, வெட்டுண்ட கை, காந்தம் மூன்றையும் சேர்க்க வேண்டும். விடை தெரிந்த பிறகு நியாயமாகத்தான் படும், அதற்கு முன்னால் யாருக்குத் தோன்றும்? தோன்றாதபோது எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்ப்போம். அப்போது சாம் ஒவ்வொரு முறையும் இதைச் சேர்க்க முடியாது என்று அதே வாக்கியத்தைச் சொல்வார், இருபதாவது தடவையும் அதே தொனியில். தவறான முயற்சிக்கெல்லாம் தனித்தனி ஜோக் எழுதிய விளையாட்டு, கடைசியில் இந்தப் பொதுப் பதிலில் வழுக்கி விழுகிறது. கார் கூரைமேல் மேக்ஸ் நின்று சாலைப் பலகைகளைத் தாண்டிக் குதிப்பது போன்ற சில்லறை ஆட்டங்களும் உண்டு. ஐந்து நிமிடப் பொழுதுபோக்கு. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உடல் வித்தியாசம் உள்ளவர்களைக் கூண்டில் காட்டும் திருவிழாவைக் கேலி செய்கிறேன் பேர்வழி என்று, சில இடங்களில் விளையாட்டே அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. அது இன்று பழசாகத் தெரிகிறது.

முடிவைச் சொல்லிவிடலாம், முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பிக்ஃபுட்களுக்கு மந்திரச் சடங்கு ஒன்று நடத்த நான்கு பொருள்கள் தேவை. அதில் ஒன்று, காடுகளைக் காக்கப் போராடிய ஜான் மியூரின் முகச்சாயல் கொண்ட ஒரு காய். சடங்கு பலிக்கிறது. மேற்கு அமெரிக்கா முழுவதையும் காடு விழுங்கிவிடுகிறது. ஊர்கள் என்ன ஆயின என்ற கவலை கதாநாயகர்கள் இருவருக்கும் இல்லை. எந்தக் கேளிக்கைச் சாலையில் நாம் மணிக்கணக்காகச் சுற்றினோமோ அதன்மேலேயே மரம் முளைக்க வைத்துவிட்டுத் திருவிழாவுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

வெளியான நேரமும் வேடிக்கையானது. 1993 செப்டம்பரில் 'மிஸ்ட்', டிசம்பரில் 'டூம்'. ஒன்று புதிர் விளையாட்டை மௌனமான அழகாக மாற்றியது, மற்றொன்று கணினி விளையாட்டையே துப்பாக்கி முனைக்குக் கொண்டுபோனது. நடுவில் ஒரு நாயும் முயலும் வளவளவென்று பேசிக்கொண்டு போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அட்வெஞ்சர் விளையாட்டுக்கான சந்தை சுருங்கியது. லூக்காஸ்ஆர்ட்ஸ் தானே தயாரித்த கடைசி அட்வெஞ்சர் 2000-ல் வந்தது. சாம், மேக்ஸுக்கு 1997-ல் தொலைக்காட்சிக் கார்ட்டூன் கிடைத்தது. அடுத்த விளையாட்டு கிடைக்கவில்லை. 2002-ல் ஒன்றை அறிவித்து, 2004 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். சந்தை நிலவரத்தையும் செலவையும் காரணம் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனு எழுதியும் பலனில்லை.

இப்போதுதான் தம்பி எழுதிக் கொடுத்த பரிசுக்கு வருகிறோம். லூக்காஸ்ஆர்ட்ஸிடம் இருந்தது உரிமம் மட்டுமே. பாத்திரங்கள் பர்செலின் சொத்து. 2005-ல் உரிமம் காலாவதியானது. வேலையிழந்தும் வெறுத்தும் வெளியேறிய லூக்காஸ்ஆர்ட்ஸ்காரர்கள் 2004-ல் தொடங்கியிருந்த டெல்டேல் நிறுவனத்திடம் பர்செல் தன் பாத்திரங்களைக் கொடுத்தார். 2006 அக்டோபரில் தொடங்கி மாதம் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் புதிய விளையாட்டு வந்தது. 2010 வரை மூன்று பருவங்கள். 2018-ல் டெல்டேல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த சிலர் ஸ்கங்கேப் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கி உரிமைகளை வாங்கி, மூன்று பருவங்களையும் 2020 முதல் 2024 வரை ஒவ்வொன்றாக மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள். இதோடு 'மங்கி ஐலண்ட்' கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். அதை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1992-ல் நிறுவனத்தை விட்டுப் போனபோது பாத்திரங்கள் அங்கேயே தங்கிவிட்டன. லூக்காஸ்ஃபிலிம் 2012-ல் டிஸ்னி கைக்குப் போய், அவர் உரிமம் பெற்றுத் தன் கதையைத் தொடர்வதற்கு 2022 ஆயிற்று. பர்செல் இதற்கிடையில் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்து 2012-ல் 'பிரேவ்' படத்தின் இணை இயக்குநராகவும் இருந்துவிட்டார்; அவர் நாயும் முயலும் அவரிடமே இருந்தன.

1993 விளையாட்டை இன்று ஆடுவது கஷ்டமில்லை. கணினி விளையாட்டு விற்கும் ஜிஓஜி தளத்தில் கிடைக்கிறது. பழைய சிடி வைத்திருப்பவர்கள் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும், இன்றைய கணினியிலும் ஓடும். குரல் உள்ள பதிப்பையே எடுங்கள். ஆங்கிலம் காதில் ஓடும் என்றால் வசன எழுத்தை நிறுத்திவிடுங்கள். குரல் சொல்லி முடிப்பதற்குள் கண் படித்துவிடும் சிக்கல் அப்போதுதான் முழுதாகத் தீரும். மாட்டிக்கொண்டால் முதலில் மேக்ஸை ஏவிப் பாருங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், முக்கியமாகக் கயிற்றுப் பந்தில், வெட்கப்படாமல் விடைக் குறிப்பைத் தேடிப் பாருங்கள். ரப்பர் வாத்தை மட்டும் யாரிடம் பேசினாலும் ஒரு தடவையாவது அழுத்தாமல் வந்துவிடாதீர்கள்.